அந்தரம் வருது, தலையைக் குனி

இந்த மலையில் அந்தரத்தில் போன ஒரே மனுஷன் நான்தான். கீழே பள்ளம், மேலே பனிமூட்டம், நடுவில் நான். கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ஜம்மென்று போனேன். தேயிலை பேக்டரி வாசலில் நின்ற அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் கையிலிருந்த தேத்தண்ணிக் குவளையைக் கீழே போட்டார்.

பொய். போனது நான் இல்லை, என் ஸ்வெட்டர். நான் கீழே நின்று வாயைப் பிளந்த கூட்டத்தில் ஒருவன். சொல்லப்போனால் எல்லாரையும்விட அகலமாகப் பிளந்தவன். "ஐயோ, ஆளு வருதுடா!" என்று முதலில் கத்தியதும் நான்தான். சொந்த ஸ்வெட்டரையே அடையாளம் தெரியாமல் அலறியவன் இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் வகுப்புக்குள் இருந்ததைவிட வாசலில் முட்டி போட்டிருந்த நேரம்தான் அதிகம். அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும்.

குவளை விழுந்தது மட்டும் நிஜம்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் கூட்டாளி. கோலா தெர்லாவில் பிறந்து வளர்ந்தவன், காய்கறி லோரி ஓட்டுகிறான். திரிங்காப்பில் கோஸ் ஏற்றிக்கொண்டு போகும்போதும் வரும்போதும் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடிப்பான். போன வாரம் வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே பாத்திரம் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம், அடுப்பில் பாதி வெந்த சோறு.

"என்னா மச்சான், வீடு இப்பிடிக் கெடக்கு?"

"எல்லாம் அந்தரத்துல கெடக்குதுலா," என்றேன்.

"நீ எப்பப் பாரு அந்தரம் அந்தரங்குற. அப்பிடின்னா என்னா? பறக்குறதா?"

"பறக்குறதுக்கு ரெக்கை வேணும்டா."

"அப்ப மெதக்குறது."

"மெதக்குறதுக்குத் தண்ணி வேணும்."

"மலாய்ல மெலாயாங்குனு சொல்லுவாங்களே, காத்துல அப்பிடியே போறது. அதுதானே?"

"அது காயிதம் போறது. கையில இருக்குற காசு போறது. எங்க அந்தரம் கனமா இருக்கும். மேலயும் இல்ல, கீழயும் இல்ல. ஆனா விழாது."

அவன் வீட்டை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"புரிஞ்சுருச்சு மச்சான். ஒன் மூஞ்சிதான்."

என் வீட்டுக்காரி கீழே போயிருக்கிறாள். மலையில் இருக்கிற எங்களுக்குக் கீழே என்றால் அடிவாரத்துத் தாப்பாவும் அதற்கு அந்தப் பக்கமும். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவள் அண்ணன் வீடு. அண்ணனோடு இருக்கிற அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்துவிட்டார். பார்த்துக்கொள்ளப் போனவள் இன்னும் வரவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அங்கே அண்ணன் பிள்ளைகள் "அத்தை அத்தை" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றும். இங்கே அவளைச் சுற்றுவதற்கு நான் ஒருவன்தான், எனக்கும் இப்போது முட்டி வலி.

போகிற அன்றைக்குத் தானா ராத்தா டவுன் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கேட்டாள்.

"நான் அங்கயே இருந்துட்டா என்னா செய்வீங்க?"

கேட்டது விளையாட்டுக்கு இல்லை. கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. 'இருந்துடாத புள்ள, வந்துடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அதெல்லாம் வராது.

"ஒன் தலகாணியையும் சேத்து வச்சுப் படுத்துக்குவேன். கழுத்து வலிக்கு நல்லதாம்."

அவள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, முன்னால் இருந்தவர் தலையைப் பார்த்துக்கொண்டே போனாள். அன்றிலிருந்து இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறேன். கழுத்து வலி அதிகமாகியிருக்கிறது.

"போயிக் கூப்புடுடா," என்றான் கூட்டாளி.

"கூப்புட்டா வருமா?"

"கூப்புடாம எப்பிடிடா வரும்?"

அதற்கு என்னிடம் ஒரு வேடிக்கைப் பதில் இருந்தது. சொல்லவில்லை. அவன் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அந்தரம் என்றால் என்ன என்று அவனுக்குச் சரியாகச் சொல்லவில்லையே என்று தோன்றியது. அதைச் சொல்வதென்றால் அவளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்பியின் அந்த முனையில் நின்றவள் அவள்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் எங்கள் மேல் டிவிஷனுக்கு லோரி போகிற ரோடு கிடையாது. பறித்த கொழுந்தைக் கீழே பேக்டரிக்குக் கொண்டுவர, மேல் டிவிஷன் உச்சியிலிருந்து பள்ளத்தைத் தாண்டி பேக்டரி வரைக்கும் ஒரு இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டி, கொக்கியைக் கம்பியில் போட்டு ஒரு தள்ளு தள்ளினால் போதும். தன் பாரத்திலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கணக்கு எழுதுகிற கிராணி அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் சொல்வார். துரை இன்னொரு பேர் சொல்வார். எங்களுக்கு அது அந்தரம். கம்பிக்கும் அதே பேர், அதில் வருகிற சாக்குக்கும் அதே பேர். "இன்னிக்கு அந்தரம் ஓடுதா?" என்பதுதான் பேக்டரியில் காலை வணக்கம்.

கீழ் முனையில் கம்பியின் கடைசியில் பழைய லோரி டயர்களை அடுக்கிக் கட்டியிருந்தோம். சாக்கு வந்து அதில் மோதி நிற்கும். அதைக் கழற்றி உள்ளே அனுப்புவதும், சாக்கு வரும்போது "அந்தரம் வருது, தலையைக் குனி!" என்று கத்துவதும் என் வேலை. வேறு வேலைக்கு லாயக்கில்லை, தொண்டை மட்டும் பெரிசு என்று மண்டோர் கண்டுபிடித்துக் கொடுத்த உத்தியோகம்.

பாதி நாள் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாது. கம்பி பத்தடிக்கு மேல் வெள்ளைக்குள் போய் மறைந்துவிடும். அதனால் சாக்கைத் தள்ளுவதற்கு முன்னால் மேலே நிற்பவர் ஒரு இரும்புத் துண்டால் கம்பியைத் தட்ட வேண்டும். கீழே நாங்கள் கம்பி கட்டிய கம்பத்தில் கை வைத்திருப்போம். தட்டினால் கம்பத்துக்குள் ஒரு நடுக்கம் இறங்கி உள்ளங்கையில் கூசும். சாக்கு கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

மேல் டிவிஷன் கங்காணி தட்டினால் கதவை உடைக்க வந்தவர் மாதிரி இருக்கும். ஒரு நாள் தட்டு மாறிவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவை, வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் தட்டுவார்களே, அது மாதிரி. கையை எடுக்க மறந்துபோனேன். கத்தவும் மறந்துபோனேன். சாக்கு வந்து மண்டோர் முதுகில் இடித்தது.

"டேய், கத்துறதுதானேடா ஒன் வேலை! வாயில என்னா, கொழுக்கட்டையா?"

"மேல யாரு மண்டோர் தட்டுறது?"

"கங்காணி மக. கொழுந்து எடுத்த புள்ளைய இப்ப கொக்கி மாட்ட வச்சிருக்காரு. யாரு தட்டுனா ஒனக்கு என்னா? நீ குனி."

நான் குனியவில்லை. அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால் என்ன தெரியும்? வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ ஒருத்தி நிற்கிறாள், தட்டுகிறாள், அது என் கையில் கூசுகிறது. முகம்கூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை; அன்றைக்கும் போய்க் கம்பத்தில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். காற்றுக்குக் கம்பி லேசாக முனகும். வேறு ஒன்றும் வராது. தெருநாய் ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இவன் எதற்கு நிற்கிறான் என்று பார்த்துவிட்டுப் போகும்.

அந்தரத்தில் ஒரு கஷ்டம், அது ஒரே பக்கம்தான் போகும். மேலிருந்து கீழே எல்லாம் வரும், கீழிருந்து மேலே ஒன்றும் போகாது. ஆனால் கொக்கிகள் மேலே போயாக வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் சாக்கை எதில் மாட்டுவது? அதனால் தினமும் வேலை முடிந்ததும் அத்தனை இரும்புக் கொக்கியையும் சாக்கில் கட்டி ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு ஒத்தையடிப் பாதையில் மேல் டிவிஷனுக்கு ஏற வேண்டும். தோளில் தோல் உரியும். லேட்டாக வந்தவனுக்கும் மண்டோரை எதிர்த்துப் பேசியவனுக்கும் கொடுக்கிற தண்டனை வேலை அது.

"நான் தூக்குறேன் மண்டோர்," என்றேன்.

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சலும் இல்லையே."

முதல் நாள் ஏறி முடித்தபோது நான் மூச்சு வாங்கிய சத்தத்தில் மேலே கட்டியிருந்த ஆடு மிரண்டது. அவள் சாக்கைத் தள்ளிவிடுகிற மேடையில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் துணியைச் சுற்றியிருந்தாள், கையில் இரும்புத் துண்டு. நான் மனதுக்குள் பார்த்து வைத்திருந்த முகம் அது இல்லை. அதைவிடக் கறுப்பு, அதைவிடக் கோபம்.

"கொக்கி எல்லாம் சரியா இருக்கா?"

"எண்ணிப் பாத்துக்க."

"நேத்து வந்தவரு ஒண்ண வழியில போட்டுட்டாரு."

"நான் போட மாட்டேன். வேணும்னா நான் விழுவேன்."

அவள் கோபம் உதட்டோரத்தில் கொஞ்சம் இடம் மாறியது. அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது போதும். அன்றிலிருந்து கொக்கித் தண்டனை என் சொந்தச் சொத்தாகிவிட்டது. வேறு எவனாவது லேட்டாக வந்தால் அவன்மேல் எனக்கு ஆத்திரம் வரும்.

பிறகுதான் சிவப்புத் துணி வர ஆரம்பித்தது. சில சாக்குகளின் வாய்க் கயிற்றில் விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புத் துணித் துண்டு கட்டியிருக்கும். அவள் தலையில் சுற்றுகிற துணியும் அதே சிவப்பு. வேறு என்ன நினைப்பேன்? கீழே இருந்து நான் எதையும் அனுப்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும், அதனால் அவள் அனுப்புகிறாள். இதுதான் என் கணக்கு. ஒவ்வொன்றையும் அவிழ்த்து, யாரும் பார்க்காமல் சட்டைக்குள் போட்டுக்கொள்வேன். மழை பெய்கிற நாட்களில் துணி நிறைய வந்தது. மழையில் பெண்களுக்கு ஆசை கூடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மண்டோர் பேக்டரி மாடியிலிருந்து இறங்கி வந்தார். வந்த வேகத்தில் படி அதிர்ந்தது.

"செவப்புத் துணி எங்கடா?"

"எந்தத் துணி மண்டோர்?"

"சாக்குல கட்டி வர்ற துணிடா! மழையில நனைஞ்ச கொழுந்துக்கு அடையாளம் கட்டி அனுப்பச் சொல்லி நான்தான் மேல சொல்லிவிட்டேன். ஈரக்கொழுந்தத் தனியாப் பரப்பி வாட்டணும். இப்ப காஞ்சதும் ஈரமும் ஒண்ணாக் கலந்து, தூளு அவிச்ச கீரை மாதிரி வருது. துரை குடிச்சுப் பாத்துட்டு என்னயக் குடிக்க வச்சாரு!"

"எனக்கு யாரும் சொல்லலையே."

"ஒனக்கு எதுக்குடா சொல்லணும்? தொட்டாத் தெரியாது, ஈரம்?"

"நான் துணிய மட்டுந்தான் தொட்டேன்."

அவர் என் சட்டைக்குள் கையை விட்டு அன்றைய துணிகளை உருவினார். ஜாதகம் பார்ப்பவர் மாதிரி என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேக்டரி முழுக்கச் சிரித்தது. அடுத்த நாள் நான் கொக்கியோடு ஏறுவதற்குள் விஷயம் எனக்கு முன்னால் மலை ஏறிவிட்டது. பாதை ஓரத்துத் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு அக்கா, "தம்பி, எங்கிட்ட செவப்பு ரவிக்கையே இருக்கு, வேணுமா?" என்றார்.

மேடைக்குப் போனபோது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது.

"கொக்கிக்காரரே," என்றாள் திரும்பாமல். "எங்க டிவிஷன்ல மழை பேஞ்சா ஒங்களுக்குக் கல்யாணக் களை வருமாமே?"

அன்றைக்கு வந்த பேர் அது. இன்று வரைக்கும் அவள் என்னைப் பேர் சொன்னதில்லை. கொக்கிக்காரர்தான்.

அதற்கப்புறம் கொக்கியை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம். நான் பேசுவேன், அவள் சிரிப்பாள். மண்டோர் மாதிரி நடந்து காட்டுவேன், துரை நாய்க்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதைச் செய்து காட்டுவேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்க மாட்டேன். நாளைக்குக் கேட்கலாம் என்று இறங்குவேன். இறங்கும்போது காலியான தோள் ஏறும்போதைவிட அதிகமாக வலிக்கும்.

ஒரு சாயங்காலம் மேடையில் நின்றிருந்தபோது ஒரு சாக்கு பாதிக் கம்பியில் நின்றுபோனது. காற்று எதிர்த்து அடித்தால் பாரம் குறைந்த சாக்கு அப்படி நிற்கும். பள்ளத்துக்கு நேர் மேலே, பனிக்குள், சும்மா ஆடிக்கொண்டிருந்தது. இழுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. அதற்கு ஒரு வழிதான் உண்டு. பின்னாலேயே பாரமான ஒரு சாக்கைத் தள்ளிவிட வேண்டும். அது வேகமாகப் போய் இடித்து, இரண்டும் சேர்ந்து இறங்கிவிடும்.

அவள் பெரிய சாக்காகப் பார்த்துக் கொக்கியில் மாட்டினாள். தள்ளுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் அது மாதிரிதான். பாதி வழி நல்லா வர்றீங்க. அப்பறம் நின்னுக்கிட்டு ஆடுறீங்க."

"எனக்குப் பின்னால தள்ளிவிடச் சாக்கு இல்லையா?"

"பாருங்க, இதுக்கும் சிரிப்புதான்."

தள்ளினாள். பனிக்குள் எங்கேயோ 'தொப்' என்று சத்தம் கேட்டது. இரண்டும் இறங்கிப் போகிற இரைச்சல் கொஞ்ச நேரம் கேட்டு, பிறகு அடங்கிவிட்டது.

அன்று மழை வேறு பிடித்துக்கொண்டது. அவள் போட்டிருந்தது மெல்லிசுச் சட்டை. நான் என் பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். கை முட்டியில் பெரிய ஓட்டை. அவள் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். நான் நனைந்துகொண்டே இறங்கினேன். நிஜக் காய்ச்சல் வந்தது. மண்டோர் நெற்றியைத் தொட்டுவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

சில நாள் கழித்துக் கங்காணி பாதையில் என்னை நிறுத்தினார்.

"என்னா தம்பி, இந்தக் குளுருல வெறுஞ்சட்டையோட? ஸ்வெட்டர் எங்க?"

"கம்பியில மாட்டிக் கிழிஞ்சுருச்சுங்க கங்காணி."

"அப்பிடியா? எம் மக போட்டிருக்கறதுல முட்டி மட்டுந்தானே கிழிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு, பிரம்பைத் தரையில் தட்டிக்கொண்டே போனார். அடிக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அன்றிரவு நான் தூங்கவில்லை.

இதற்கிடையில் மலைக்குப் பின்னால் இயந்திரச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மேல் டிவிஷனுக்கு லோரி ரோடு வெட்டுகிறார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். இனி நோயாளியைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம், அரிசி மூட்டை வீட்டு வாசலுக்கே வரும். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ரோடு வந்தால் கொழுந்து லோரியில் போகும். அந்தரம் நின்றுவிடும். அந்தரம் நின்றால் கொக்கி இல்லை. கொக்கி இல்லாமல் நான் எந்த முகத்தோடு மேல் டிவிஷனுக்கு ஏறுவது? காட்டில் மரம் சாயும்போதெல்லாம் கேட்கலாம் கேட்கலாம் என்று ஏறி, நாய்க்கு இங்கிலீஷ் பேசிவிட்டு இறங்கினேன்.

கடைசியில் மண் ரோடு மேடையிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டது. கொக்கி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ரோடு வந்துட்டா நான் எதத் தூக்கிக்கிட்டு வர்றது?"

"எதுக்குத் தூக்கணும்?" என்றாள். என் ஸ்வெட்டரின் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். "இவ்வளவு நாளும் கொக்கி வந்துச்சு, கூட நீங்களும் வந்தீங்க. இனிமே கொக்கி இல்லாம ஒரு நாளு வாங்க. சிரிப்புக் காட்டாம, சும்மா கைய வீசிக்கிட்டு. அப்பாவும் இருப்பாரு. வந்தா, எனக்காக வந்தீங்கன்னு நானும் நெனச்சுக்குவேன்."

"வரலைன்னா?"

"கொக்கிக்காக வந்தீங்கன்னு நெனச்சுக்குவேன்."

அந்தரம் ஓடிய கடைசி நாள் நல்ல பனி. கடைசிச் சாக்கு வந்து டயரில் மோதியது. அதைக் கழற்றினோம். முடிந்தது என்று மண்டோர் ஒரு குவளைத் தேத்தண்ணியோடு வாசலுக்கு வந்து நின்றார். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்பத்திலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் இனி வைப்பதற்குக் காரணம் இல்லை.

அப்போது தட்டு வந்தது. அவள் தட்டு.

"மண்டோர், ஏதோ வருது!"

"கடைசி வந்துருச்சேடா?"

பனி கொஞ்சம் கலைந்த இடத்தில் முதலில் தெரிந்தது இரண்டு கை. விரித்த கை. பிறகு உடம்பு. கால் இல்லை, தலை இல்லை. பள்ளத்துக்கு நேர் மேலே வந்ததும் அது நின்றுவிட்டது. நின்று ஆடியது. அப்போதுதான் நான் அந்த அலறல் அலறினேன். மண்டோர் குவளையைப் போட்டார். ஒரு பெண் முருகனைக் கூப்பிட்டார். துரை வீட்டுச் சமையல்காரர் ஜெபமே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பனி முழுக்க விலகியதும் பழுப்பு நிறம் தெரிந்தது. கைக்குள் குச்சியைச் செருகிக் கொக்கியில் மாட்டிவிட்ட என் ஸ்வெட்டர். பாரம் இல்லை, அதனால் பாதியில் நின்றுவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஊர் பார்க்க அந்தரத்தில் தொங்கவிட்டுச் சொல்கிறாள். கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.  

அப்புறம் உள்ளங்கையில் மறுபடியும் கூசியது. இந்தத் தடவை கங்காணி மாதிரித் தட்டு, கதவை உடைக்கிற தட்டு. பின்னாலேயே ஒரு பெரிய சாக்கு இரைந்துகொண்டு வந்தது, ஸ்வெட்டரின் முதுகில் 'தொப்' என்று இடித்தது, இரண்டும் சேர்ந்து பாய்ந்து வந்தன.

"அந்தரம் வருது, தலையைக் குனி!" என்று நான் கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக எப்போதும் கத்தியதில்லை. 

சாக்கில் தேயிலைச் செடியிலிருந்து வெட்டிப் போட்ட வெறும் கவாத்துக் குச்சிகள். பாரத்துக்கு அடைத்தது. ஸ்வெட்டர் துவைத்திருந்தது. கை முட்டி ஓட்டையைச் சிவப்புத் துணியால் நெருக்கமாகத் தைத்திருந்தாள்.

மண்டோர் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "ஈரமாடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல் ஏறினேன். தோளில் பாரம் இல்லாமல் அந்தப் பாதையில் எனக்கு நடக்கத் தெரியவில்லை. பழக்கத்தில் முன்னால் குனிந்து, இரண்டு தடவை விழப் பார்த்தேன். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் வீசினேன். கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம். ஆரம்பத்தில் பொய் என்று சொன்னேனே, அதில் ஒரு துளி நிஜம் இருக்கிறதென்றால் அது இந்தப் பாதையில்தான். "கொக்கி எங்க தம்பி?" என்று சிவப்பு ரவிக்கை அக்கா கேட்டார். பதில் சொல்லாமல் போனேன். பதில் சொன்னால் சிரிப்பு வந்துவிடும், சிரிப்பு வந்தால் எல்லாம் போச்சு.

மேடையில் கம்பி சும்மா கிடந்தது. கங்காணி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். அவள் கம்பத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், கீழே நான் நிற்பேனே, அதே மாதிரி. முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இரண்டு கையையும்தான் பார்த்தாள். நான் கைகளை விரித்துக் காட்டினேன். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த ஒரே வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தால் அவள்...

வாசலில் ஹார்ன். நம் கூட்டாளியின் லோரிதான். விடாமல் அடிக்கிறான்.

"மச்சான்! டேய்! எழுதிக் கிழிச்சது போதும், வெளிய வா!"

"இருடா, முக்கியமான எடம்..."

"ஒன் முக்கியமான எடம் தானா ராத்தா பஸ் ஸ்டாண்டுல நிக்குது! தங்கச்சி வந்துருச்சுடா!"

"என்னாது?"

"பையோட நிக்குதுலா. லோரில ஏறும்மான்னேன். மாட்டேன்னுடுச்சு."

"ஏனாம்?"

"'கொக்கிக்காரரை வரச் சொல்லுங்கண்ணே. அந்த மனுஷன் கூப்புட மாட்டாரு, நானா மலை ஏறி வந்துட்டேன், மீதி வழிக்காவது அவரு வரட்டும். சும்மா கைய வீசிக்கிட்டு வந்தாப் போதும். ஸ்வெட்டர மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, குளுருது'ன்னுச்சு. என்னா, நின்னுக்கிட்டு ஆடுற? ஏறு! அந்தச் சிரிப்பு மூஞ்சிய உள்ள வச்சிட்டு வா!"

ஸ்வெட்டர் அடுப்புக்கு மேல் கொடியில் கிடக்கிறது. காலையில்தான் துவைத்தேன், ஏன் துவைத்தேன் என்று கேட்காதீர்கள். தொட்டுப் பார்த்தேன். மற்றதெல்லாம் காய்ந்துவிட்டது. முட்டியில் அந்தச் சிவப்புத் துணி மட்டும் இன்னும் ஈரம். லோரி கிளம்பினால் ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு போகலாம், காற்றில் காய்ந்துவிடும்.